சிவப்பு இறங்கிய வருஷம்

பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணியின் சாயத்துக்குத் தனி மரியாதை. அண்டாவில் பட்டு நூலை இறக்குமுன் சாயத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். புளிப்பு சரியாக இருந்தால்தான் நூலில் நிறம் ஏறும். முப்பது வருஷமாக அந்த நாக்கு தப்புச் சொன்னதில்லை. ருசி பார்த்ததைத் துப்புவாரா என்றால், பாதி நேரம் அதுவும் கிடையாது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பழனிக்கு மெட்ராஸ் பக்கம் சாயத்தூள் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. காக்கிச் சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால், தெருவே நின்று சௌக்கியம் விசாரிக்கும். அப்பாவுக்குச் சிவப்புச் சாயம் அவன் கம்பெனியிலிருந்துதான் வரும்.

இளையவன் தர்மன் மெட்ராஸில் ஆராய்ச்சி செய்தான். அது என்ன வேலை என்று ஊருக்கு விளங்கவில்லை. அதே சிவப்பை எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்து என்ன ஆகிறதென்று பார்க்கிறான் என்றதும் நன்றாக விளங்கிவிட்டது. எலி வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். இருபத்தெட்டு வயசுப் பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால், "படிச்சிக்கினே இருக்கான்பா" என்று அப்பா தலையைச் சொறிவார்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாசம், பாதிக்கு மேற்பட்ட எலிகளுக்குக் கட்டி வந்திருந்தது. தர்மன் அன்றைக்கே பஸ் ஏறினான்.

"நைனா, இனிமே சாயத்த நாக்குல வெக்காத. வெசம்."

"எலி செத்தா நானும் செத்துடுவனா? குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், பாரு."

புளிப்பு பார்ப்பதற்கென்று அவன் கொண்டுவந்த காகிதக் கட்டை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அதோடு சரி.

தர்மன் அண்ணனிடம் போய்க் கெஞ்சினான். "நீ சொன்னா கேப்பாருண்ணா."

பழனிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சோறு துன்ற கம்பெனிடா. அதுல செய்யறது வெசம்னு நானே சொல்லணுமா? இருநூறு பேரு வேலை செய்யறோம். உன் எலிக்காவ கேட்டை இழுத்து மூடணுமா?"

தர்மனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் ராப்பகலாகப் பார்த்ததை வைத்துச் சொந்த வீட்டில் ஒரு ஆளை நம்பவைக்க முடியவில்லையே!

ஐப்பசியில் கோதண்டபாணிக்குச் சிறுநீர் சிவப்பாக இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அவரோ சாயம்தான் உடம்பில் ஊறி வெளியே போகிறது, போகட்டும் என்று நினைத்து, நான்கு மாசம் யாரிடமும் மூச்சு விடவில்லை. வலி தாங்காமல் சொன்னபோது, மூத்திரப்பையில் புற்று முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். "பெரியவன் கம்பெனியில இருக்கான். சின்னவன் படிக்கறான்" என்றார் கோதண்டபாணி. அவர் காலை நீவிக்கொண்டிருந்த தர்மன் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து, பழனி முதல் தடவையாகத் தம்பியின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தான். கூண்டுகளின் முன்னால் வெகுநேரம் நின்றான். கண்ணில் தூக்கமே இல்லை.

"மூணு நாளா எனக்கும் ஒண்ணுக்கு ரத்தமா போவுதுடா" என்றான். "நீ அன்னிக்கு சொன்னது நெசமா, தர்மா?"

இந்த வீட்டில் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறான்! தர்மன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியலண்ணா. நான் பார்த்தது தப்பாக்கூட இருக்கும். வா, இப்பவே டாக்டர்கிட்ட போலாம்."

படியிறங்கும்போது, அது தப்பாகவே இருக்கட்டும், மூன்று வருஷ உழைப்பும் குப்பையில் போகட்டும் என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டே போனான்.