பதினோராவது நிமிடத்து மணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவர்கள் ஒன்பது பேர். அதில் நானும் ஒருவன்.

1986-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எர்ணாகுளத்தில், என் மனைவி வழியில் உறவினரான சிவசங்கரனின் வீட்டு மாடியில் அது நடந்தது. சிரிப்புக்கு ஆளானவர் மட்டாஞ்சேரிக்காரர். பெயர் செல்லதுரை. அன்றைக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் தொடர்களில் மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒரு பிணமாவது விழுந்தாக வேண்டும். இதில் பிணம் கிடையாது. பன்னிரண்டு வருடமாக உயிராய் நினைத்த ஒரு பாட்டை இனிமேல் கேட்கலாமா கூடாதா என்று ஒரு மனிதர் தவிக்கிறார். அவ்வளவுதான் விஷயம். பிணம் வேண்டியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"மிளகு வாசனை மிதந்து வந்த ஒரு மட்டாஞ்சேரி மாலையில்..."

வேண்டாம். அது வெளியூர்க்காரன் எழுதுவது. அங்கேயே இருக்கிறவர்களுக்கு மிளகு வாசனை தெரிவதே இல்லை. (இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

"செல்லதுரைக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் அவர்..."

இதையும் அடித்துவிட்டேன். அந்த 'ஆனாலும்' என்ற சொல்லுக்குள் எங்கள் மாடிச் சிரிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சரி, நேராகவே போகிறேன். செல்லதுரை, பஜார் ரோட்டில் ஓர் அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் அரிசியைப் பார்த்து, ஒன்றிரண்டைக் கடித்து, இது இன்ன ரகம், இத்தனை மாதப் பழசு என்று சொல்வது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகிவிட்டது. மனைவி மாடத்தி. 1974-இல் ஒரு நாள், படகுத்துறையை ஒட்டிய ரஷீதின் ரேடியோ ரிப்பேர்க் கடைக்குத் தன் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, இருங்க. ஒண்ணும் மிண்டாம, பேசாம இதைக் கேளுங்க" என்று சொல்லி, ரஷீது ஒரு கேசட்டைப் போட்டான்.

முந்தின நாள்தான் பதிந்தது. துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரன் ஒரு மாலைப் பொழுதுக்குக் கடன் கொடுத்த இசைத்தட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பத்தொன்பது நிமிடம்.*

* இதை ப்ராக்ரசிவ் ராக் என்பார்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை முடிக்காமல், ஆர்கன், கிடார், டிரம்ஸ் எல்லாமாகச் சேர்ந்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகும். நடுவே இடி இடிக்கும், குதிரை ஓடும், கடிகாரம் அடிக்கும். இதைக் கேட்பவர்கள் பொதுவாகப் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். போகாதவர்கள் பிறகு எப்போதுமே போகமாட்டார்கள்.

செல்லதுரை போகவில்லை.

3

பதினோராவது நிமிடம் முடியும் இடத்தில் அந்தப் பாட்டு நின்றுவிடும். ஆர்கனின் அடிச்சுருதி மட்டும் தொலைவில் முனகும். அப்போது ஒரு மணி. சற்று விட்டு இரண்டு மணி. பிறகுதான் கிடார் எழும்.

முதல் தடவை அந்த மணி கேட்டபோது செல்லதுரை கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "மறுபடி போடும் வே" என்றார். ரஷீது போட்டான். மூன்றாம் முறையும் போட்டான். டிரான்சிஸ்டர் பழுது பார்க்கப்படவே இல்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நாலைந்து பேர். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் பிச்சைமணியும் அதில் உண்டு. கப்பல்காரர்கள் தயவில் வேறு தட்டுகளும் வந்து கேசட்டாயின. வாத்தியங்களின் பெயர் இவர்களுக்குத் தெரியாது. அதனால் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு சத்தம் 'பெரிய வண்டு'. இன்னொன்று 'ஈரச் சாக்கு'. ஆனால் 'மணி' என்றால் அது ஒன்றுதான். ரஷீதின் கடை கேசட் கடையாக மாறியது. கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் வளைகுடாவுக்குப் போனார்கள். போகும்போது அந்தக் கேசட்டின் பிரதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

செல்லதுரையும் ஒரு பிரதியை வாங்கி, பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றில் வீட்டிலும் போட்டுக் கேட்டார். மாடத்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "இதுக்கு நம்ம கிடங்கு எலியே நல்லாப் பாடும்" என்பாள். ஆனால் பதினோராவது நிமிடம் நெருங்கும்போது அவளும் அம்மியை நிறுத்திவிடுவாள். ("எதுக்கு நிறுத்துதே?" என்று அவர் கேட்டால், "கை வலிக்கி.")

4

இனி அந்த மாடி. இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் சிரிப்பைக் கொஞ்சம் சின்னதாக்கியிருந்தேன். இது ஐந்தாவது.

சிவசங்கரன் பாலக்காட்டுக்காரர், கல்லூரியில் பொருளாதாரம் கற்பிப்பவர். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் ராக் கேட்போர் வட்டம் கூடும். ஓர் உறுப்பினர் ஒரு தட்டைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு எல்லோரும் அதைக் கேட்க வேண்டும். சிவசங்கரன் ஒருமுறை கேசட் வாங்க ரஷீது கடைக்குப் போனபோது அங்கே செல்லதுரையின் பேச்சைக் கேட்டு அசந்துபோய், "அடுத்த மாசம் நீங்கதான் பேசணும், மறுக்கப்படாது" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் பாட்டின் தட்டு சிவசங்கரனிடமே இருந்தது.

செல்லதுரை இரண்டு வாரம் தயாரானார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

"பொண்ணு பாக்கவா போறீய?" என்றாள் மாடத்தி.

"பொண்ணு பாக்கப் போனப்ப எனக்கு இவ்ளோ பயம் இல்லட்டீ."

மாடியில் அவர் நன்றாகவே பேசினார். அதைச் சொல்லியாக வேண்டும். பாட்டின் முதல் பகுதி புது அரிசி, கொதிக்க விட்டால் குழையும் என்றார். நடுப்பகுதி பழைய அரிசி, நின்று வேகும் என்றார். சிலர் குறிப்பெடுத்தார்கள். கடைசியில், "எல்லாம் அந்த மணிக்காகத்தான் சார். அது அடிக்கலேன்னா கிடாருக்கு எந்திரிக்கவே தெரியாது. அந்த மணியை அங்க வைக்கணும்னு தோணிச்சே ஒருத்தனுக்கு, அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்" என்றார்.

யாருக்கும் எந்த மணி என்று புரியவில்லை. சிவசங்கரன் தட்டைப் போட்டார்.

பாடகனுக்கு ஜலதோஷம் பிடித்தாற்போல் குரல் இறங்கி ஒலிப்பதைக் கேட்டுச் செல்லதுரையின் முகம் கொஞ்சம் மாறியது. பாட்டும் சற்று மெதுவாகப் போவதுபோல் இருந்தது. பொறுத்துக்கொண்டார். அந்த இடம் வந்தது. ஆர்கன் முனகியது. செல்லதுரை விரலை உயர்த்தினார், இதோ என்பதுபோல.

மணி அடிக்கவில்லை. கிடார் எழுந்துவிட்டது.

அவர் எழுந்து போய் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

முதல் சிரிப்பு அப்போது வந்தது. சின்னதுதான். அவர் விடவில்லை; தன் கேசட்டைப் போடச் சொன்னார். போட்டார்கள். ஒரு மணி. சற்று விட்டு இரண்டு மணி. முன்வரிசையில் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார்: "எண்டம்மே! இது நம்ம மட்டாஞ்சேரி படகோட பெல்லல்லே!"

பெரிய சிரிப்பு அப்போது வந்தது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். (மற்ற நான்கு பிரதிகளிலும் இந்த வாக்கியம் இல்லை.)

5

பத்திரிகையில் இதைப் படிக்கும் ஆசிரியர் கேட்பார்: "இருபது வருடமாக அந்தப் படகில் போய்வருகிற ஆளுக்கு அந்த மணி தெரியாதா? நம்பும்படி இல்லையே." டிக்கெட் கொடுக்கிற பிச்சைமணிக்கே தெரியவில்லை, ஐயா. மிளகு வாசனை வரியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

தவிர, ரஷீதின் ரெக்கார்டரில் அன்று பேட்டரி தளர்ந்திருந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நிறுத்தி மெதுவாகப் பதிந்த டேப்பை, புதுப் பேட்டரி போட்டு ஓட்டினால் எல்லாமே கொஞ்சம் வேகமாகி, கொஞ்சம் மேலேறிவிடும். பாடகனின் குரலும் ஏறியது, ஜன்னலுக்கு வெளியே புறப்பட்ட ஐந்து நாற்பது படகின் மணியும் ஏறியது. படகு மணி, படகு மணியாக இல்லாமல் ஏதோ கண்ணாடி மணியாகிவிட்டது.

செல்லதுரை திரும்பி வந்ததும் படகில்தான். வேறு எப்படி வருவார்? அவர் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுகிறது. படகோட்டும் ஸ்ராங்கு முன்னாலிருந்து அதை இழுத்தால், பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். எஞ்சின்காரர் வேகத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். ஒரு மணி. சற்று விட்டு இரண்டு மணி. இருபது வருடத்தில் முதன்முறையாக அவர் அதைக் கேட்டார்.

இறங்கியதும் நேரே ரஷீது கடை. கேசட்டை மேஜையில் வைத்தார்.

"இதை அழிச்சிட்டு மாடத்திக்கு ஏதாவது முருகன் பாட்டு பதிஞ்சு கொடும்."

"எந்து பற்றி அண்ணாச்சி? என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். ரஷீது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"பாய். உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பதிஞ்சப்பவே. அடடா, கெட்டுப்போச்சேன்னு நினைச்சேன். கப்பல் மறுநாள் காலம்பறயே போயாச்சு, வேற வழியில்லை. நீங்க வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். பின்னே, அந்த இடத்துல நீங்க கண்ணை மூடினீங்க." ரஷீது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், கீழே வைத்தான். "அதுக்கப்புறம் எப்படி அண்ணாச்சி சொல்றது?"

"பன்னிரண்டு வருஷம் ஒரு படகைக் கும்பிட்டிருக்கேன்."

"மோசமான படகு ஒண்ணுமில்லையே."

"பகடி வேண்டாம் வே" என்று சொல்லிவிட்டுச் செல்லதுரை போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

இதெல்லாம் ரஷீது எனக்குச் சொன்னது. மூன்று வாரம் கழித்து, கேசட் வாங்குகிற சாக்கில் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். செல்லதுரையின் கேசட் மேஜை இழுப்பறையில் கிடந்தது. ரஷீது அதை அழிக்கவில்லை. மாடியில் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் சாயா வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

6

தெரியாததை எழுதுவதுதானே என் பிழைப்பு. முயன்று பார்த்த முடிவுகள்:

(அ) லண்டனிலிருந்து அந்தக் குழுவே கொச்சிக்கு வருகிறது. மணி சேர்ந்த கேசட்டைக் கேட்டு, "எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை!" என்று செல்லதுரையைக் கட்டிப்பிடித்து... பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

(ஆ) செல்லதுரை அந்தப் பாட்டை மறந்து, முருகன் பாட்டில் மனம் ஒன்றி, ஒருநாள் படகில்... இல்லை. பன்னிரண்டு வருடம் நின்று வெந்த அரிசி இப்படி ஒரே நாளில் குழைந்துவிடாது.

(இ) இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, சிவசங்கரன் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படகேறி மட்டாஞ்சேரிக்கு வருகிறார். (நான் வந்திருக்க வேண்டும். கதையில்கூட எனக்குத் துணிவில்லை, அவரை அனுப்புகிறேன்.) கடையில் ரஷீதும் பிச்சைமணியும் இருக்கிறார்கள். கேசட்டைத் திரும்ப வாங்கிப் போகும்படி ரஷீது சொல்லி அனுப்பியதால் செல்லதுரை வருகிறார். வந்தவர் வாசலிலேயே நிற்கிறார்.

"வாங்கோ, உள்ளே வந்து உட்காருங்கோ" என்கிறார் சிவசங்கரன். "அன்னிக்கு நாங்க..."

"அதை விடுங்க சார். கேசட்டைத் தாரும் பாய், போறேன்."

"தரேன். அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு" என்கிறான் ரஷீது. "டேப்புல மணி வர்றது பதினோரு நிமிஷத்துல. தட்டு மெதுவா ஓடும், அதுல அந்த இடம் பதினொண்ணரை. படகு எடுக்கிறது அஞ்சு நாற்பதுக்கு. அப்ப ஊசியை எப்ப வைக்கணும்?"

பிச்சைமணி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து இருபத்தேழு.

"தட்டுல குரல் இறங்கித்தானே இருக்கு அண்ணாச்சி" என்கிறான் ரஷீது மெதுவாக. "வெளிய படகு மணியும் இறங்கித்தான் இருக்கும். டேப்புல ரெண்டும் சேந்து ஏறிச்சு. இங்க ரெண்டும் சேந்து இறங்கும். அதே பாட்டுதான்."

செல்லதுரை ஜன்னலைப் பார்க்கிறார். படகு துறையில் கட்டியிருக்கிறது. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்க படகு என்னிக்கு வே நேரத்துக்கு எடுத்திருக்கு?" என்று பிச்சைமணியிடம் கேட்கிறார்.

"படகு என்னுதா? நான் டிக்கெட்டு கொடுக்கிறவன்" என்கிறார் பிச்சைமணி. "எழுபத்துநாலுல ஒரு தடவை எடுத்திருக்கு."

செல்லதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார். ஐந்து இருபத்தெட்டரைக்கு ஊசியை அவரே எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, குத்தூசி பிடித்த கையால் ஜன்னல் கதவை அகலத் திறந்தார்.

7

இப்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய வண்டு வந்து போய்விட்டது. ஈரச் சாக்கு வந்துவிட்டது. பத்து நிமிடம். பதினொன்று. ஆர்கன் அடங்கி முனகத் தொடங்குகிறது. கடையில் நாலு பேரும் மூச்சு விடவில்லை. வெளியே துறையில் கட்டை அவிழ்க்கிறார்களா என்று இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

நான் ஒரு வரி எழுதினால் போதும், மணி அடித்துவிடும். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று மாடியில், அவர் விரலை உயர்த்திக் காத்திருந்தபோது சிரிக்கக் காத்திருந்தவன் நான். அந்தக் கயிறு என் கையில் இருக்கக் கூடாது.

நீங்கள் அந்த மாடியில் இல்லை. ஸ்ராங்கின் இடத்துக்கு வாருங்கள். தலைக்கு மேலே கயிறு தொங்குகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, செல்லதுரை விரலை உயர்த்துகிறார்.