கட்டம் போட்ட திரை

வீரபத்திரன் வீட்டுப் பரணில் எத்தனை முருகன் இருக்கிறார் என்று வீரபத்திரனுக்கே தெரியாது. வருஷம் முடிந்தால் ஊரெல்லாம் பழைய காலண்டரைக் கழற்றி அட்டையைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போட்டுவிடும். இவர் மட்டும் அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார். எலி கடித்ததைக்கூட எறிய விடமாட்டார். பருப்பு டப்பா வைக்க இடமில்லை என்று அவர் மனைவி காஞ்சனா சொல்லாத நாளில்லை. தேதி முடிந்தால் சாமியும் முடிந்துபோகுமா என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை, தறிக்கு நூல் சுற்றியாக வேண்டும்.

திருத்தணி மலையடிவாரத்தில், பஜனைக் கோயில் தெருவில், இரண்டு விசைத்தறி வைத்து லுங்கி நெய்தவர் வீரபத்திரன். பஜனைக் கோயிலுக்கும் அவர்தான் பெரியவர். ஆடிக் கிருத்திகைக்கு அந்தத் தெருவின் காவடிகளெல்லாம் அங்கே கற்பூரம் காட்டிய பிறகுதான் மலையேறும். கற்பூரம் காட்டுவது அவர் கை. அதிலும் வலது கை. பிறவியிலேயே அவருக்கு இடக்கைப் பழக்கம், தறியில் அறுந்த நூலை முடிவதுகூட இடக்கைதான். சோற்றுக்கும் சாமிக்கும் மட்டும் சிரமப்பட்டு வலது கையைப் பழக்கி வைத்திருந்தார். கோயில் வாசலைத் தாண்டினால் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

எழுபத்திரண்டாம் வருஷம் மழையில் ஊறிய கோயில் சுவரை இடித்துப் புதிதாகப் பூசினார்கள். வெறும் சுவராக நிற்கிறதே, வள்ளி கதையை ஒரு படமாக எழுதிவைத்தால் என்ன என்று பேச்சு வந்தது. வீரபத்திரன் தன் மைத்துனன் பங்காருவைச் சொன்னார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் டூரிங் கொட்டகைக்கு விளம்பரத் தட்டி எழுதுகிறவன், கனகம்மாசத்திரத்தில் சோடாக்கடை போர்டெல்லாம் அவன் கைவண்ணம். காஞ்சனாவுக்குத் தாய் வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தம்பிதான். சினிமாத் தட்டி எழுதுகிறவன் சாமியை எழுதுவதா என்று மளிகைக்கடை வேதாசலம் அப்போதே இழுத்தார். நான் பொறுப்பு என்று வீரபத்திரன் வாயைக் கொடுத்துவிட்டார். பங்காருவிடம், வள்ளி கதையில் எதையாவது ஒன்றை எழுது என்று சொன்னதும் அவர்தான்.

பங்காரு தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே எழுதினான். ஒரு வெள்ளிக்கிழமை காலை தெருவையே கூட்டிவைத்துத் தார்ப்பாயை அவிழ்த்தான்.

தினைப்புனம். பின்னால் மலை. ஒரு பாறைமேல் வள்ளி உட்கார்ந்திருக்கிறாள். கீழே மண்ணில் சப்பணமிட்டு முருகன். வேலும் கிரீடமும் ஓரமாகப் புல்லில் கிடக்கின்றன. வள்ளியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி, அவள் பாதத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பின்னால் நின்ற பெண்கள் இன்னும் கிட்டே வந்து பார்த்தார்கள். ஆண்கள் பார்த்தது படத்தையல்ல, வீரபத்திரனை.

“பொம்பளை காலை மடியில தூக்கி வெச்சிகினு கீறாரு நம்ம சாமி,” என்றார் வேதாசலம். “அதுவும் பீச்சாங்கையால முள்ளு எடுக்கிறாரு. நல்லா கீதுங்க.”

அது உண்மைதான், முள்ளை எடுத்தது இடது கை. வீரபத்திரனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. படம் அழிய வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் காவடிகள் தன் கடை வாசலிலிருந்து புறப்படும் என்று வேதாசலம் சொல்லிவிட்டுப் போனார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

வீரபத்திரனுக்கு வேதாசலத்தின் பேச்சைவிடப் படம்தான் வலித்தது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, நிஜமாகவே வலித்தது. பெரிய பெண் விஷக்காய்ச்சலில் கிடந்தபோதும், தறிக்கொட்டகை தீப்பிடித்தபோதும் அவர் ஓடிப் போய் விழுந்தது முருகன் காலில். பிடித்துக்கொள்ள ஒரு கால் மலைமேல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பிழைப்பு ஓடியது. அந்தக் காலுக்குரியவரே மண்ணில் உட்கார்ந்து இன்னொருத்தர் காலைப் பிடித்துக்கொண்டால், நான் போய் யார் காலைப் பிடிப்பேன் என்று இருந்தது அவருக்கு.

வீட்டில் பங்காருவை உட்காரவைத்துக் கேட்டார். அவன் ஒளிக்கவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. அக்கா புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

“பாவா, முள்ளு குத்திச்சின்னா அவரு எடுக்காம வேற யாரு எடுப்பாங்க?”

“எடுக்கட்டும். யாரு வேணான்னா? அத செவுத்துல எழுதி ஊருக்குக் காட்டணுமா?”

பங்காரு கொஞ்சம் யோசித்தான். சரி, அழிப்பதானால் பாவாவே தன் கையால் அழிக்கட்டும், வேறு ஆள் கை பட்டால் இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். அன்றைக்குக் காஞ்சனா வைத்த ரசத்தில் உப்பில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளையடிக்கும் வேடியப்பன் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். அழிப்பதைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது. வேடியப்பன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துச் சுவர் வரைக்கும் போனான். முருகனின் முகத்தைப் பார்த்தான். மட்டையைத் திரும்ப வாளியில் போட்டுவிட்டு, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கி நின்றான். வீரபத்திரன் வேதாசலத்தைப் பார்த்தார். பெரியவர் இருக்கும்போது நான் தொடுவது முறையில்லை என்று வேதாசலத்துக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

கடைசியில் வீரபத்திரனே மட்டையை எடுத்தார். முகத்தில் அடிக்க முடியவில்லை. எலி கடித்த காலண்டரையே எறியாத மனுஷன், அந்தக் கண்ணில் எப்படிச் சுண்ணாம்பு பூசுவார்? சரி, காலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வள்ளியின் பாதத்துக்கு வந்தார். அதுவும் தாயார் பாதமாயிற்றே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மயில் பக்கம் திரும்பினார். மயில் வாகனம். சேவல் கொடியில் இருப்பது. தினைமேல் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது, அதையாவது அடிக்கலாம் என்றால், கிளி மதுரை மீனாட்சி கையில் இருப்பதல்லவா என்று வேடியப்பனே சொன்னான். மிச்சம் இருந்தது பின்னால் தெரிந்த மலை. அது திருத்தணி மலை. அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

சுண்ணாம்பு மட்டையிலிருந்து சொட்டி அவர் வேட்டிக் கரையெல்லாம் வெள்ளையானது. அழிந்தது அது ஒன்றுதான்.

அழிக்க முடியாவிட்டால் மூடிவிடுவோம் என்று தீர்ப்பானது. தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது நீலத்தில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி. அதிலேயே வெட்டி, ஆணியடித்து நிரந்தரமாக மறைத்துவிடச் சொன்னார் வீரபத்திரன். காஞ்சனா இரண்டு அகலம் ஒட்டித் தைத்தாள். தைத்தவள் மேலே வளையம் கோத்துக் கயிறும் கட்டிவிட்டாள். ஆணியடித்தால் புதுப்பூச்சு உதிரும் என்றாள். பூச்சுமேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

எந்த மடையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றை அன்றைக்கு எல்லாருமாகச் சேர்ந்து மறந்துபோனார்கள். கோயிலுக்குள் சாமிக்கு முன்னால் திரை தொங்கினால், உள்ளே அலங்காரம் நடக்கிறது, இதோ திறக்கப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். முதலில் வந்தவள் பூக்காரி ஞானம்மாள். திரைக்கு முன்னால் ஒரு முழம் சாமந்தியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் நாலைந்து பேர். செவ்வாய்க்கிழமை ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், திரை எப்போது விலகும் என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வேதாசலத்தின் சம்சாரமே கற்பூரத்தோடு வந்து நின்றாள். திறக்க ஆளில்லை என்று சொல்லச் சொல்ல, உள்ளே இருப்பவர் பெரிய வரப்பிரசாதி என்ற பேச்சு தெருத்தெருவாகப் போனது.

சாவி வீரபத்திரனிடம் இருந்தது. காலையில் கதவு திறந்ததும், யாரும் வருமுன், திரையின் ஓரத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். கோபத்தை ஆறவிடக் கூடாது என்றுதான் பார்த்தார். முதல் நாள் நன்றாகவே கோபம் வந்தது. பிறகு வள்ளி முகம் சுளித்திருப்பதைக் கவனித்தார், பாவம், முள் ஆழமாகத்தான் ஏறியிருக்கும் போல. இன்னொரு நாள், முருகன் அந்தக் காலை எவ்வளவு பதனமாகப் பிடித்திருக்கிறார் என்று பார்த்தபடி நின்றதில் தறி மேஸ்திரி வந்து கூப்பிட வேண்டியதாயிற்று. தப்பு என்றுதான் அப்போதும் நினைத்தார். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. விடிந்ததும் காவடிகள் பஜனைக் கோயில் வாசலில் வரிசை கட்டின. வேதாசலம் தன் கடை வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தார். திரை திறந்தால் காவடிகளை அங்கே அழைத்துப்போவார், திறக்காவிட்டால் மஞ்சள் துணியோடு காத்திருக்கும் ஜனம் வீரபத்திரனைச் சும்மா விடாது. தவிர, கட்டம் போட்ட லுங்கித் துணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மலையேற அவருக்கே மனசு வரவில்லை. வீட்டுக் கூடத்தில் காவடிக்குப் பூச்சுற்றிக்கொண்டே முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

காஞ்சனா எதிரே வந்து உட்கார்ந்தாள். பங்காரு போன நாளிலிருந்து அவள் எதிரே உட்கார்ந்ததில்லை.

“ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“நம்ம கல்யாணத்துல அம்மி மிதிக்கசொல்ல என் காலை யாரு புடிச்சாங்க?”

“நான்தான். அது சடங்கு. எல்லாரும் பண்றதுதான?”

“ஆங், எல்லாரும் பண்றதுதான். ஆனா நீங்க நொட்டாங்கையால மெட்டி போட்டீங்க. மாமா கூட அதட்டினாரு. எனக்கு வலிக்கப் போவுதேன்னு கழுத்த இப்டி சாச்சி, கண்ண சுருக்கிகினு போட்டீங்க.” அவள் கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். “பங்காரு பக்கத்துலதான் பொரித்தட்டு வெச்சிகினு நின்னுகினு இருந்தான். அவன் வேற எங்க போய்ப் பாப்பான், ஒரு ஆம்பளை பொம்பளை காலைப் புடிக்கிறத?”

வீரபத்திரனின் கையிலிருந்த பூ அப்படியே நின்றது. அந்த வளைந்த கழுத்து, அந்தக் கண், அந்தக் கை. தினமும் திரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கோபித்துக்கொண்டது அவரையேதான். முதலில் பயந்தே போனார். சாமிக்குப் போய்த் தன் கையை வைத்து எழுதிவிட்டானே, இது முன்னதைவிடப் பெரிய அபசாரமல்லவா? வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“இருக்கலாம்,” என்றாள் காஞ்சனா. “ஆனா அன்னிக்கி ஊரே பாத்துகினு இருந்துது. உங்கள ஒருத்தரும் கொறச்சலா நெனைக்கலை. நானும் நெனைக்கலை.”

அவள் எழுந்து போனபோது கால்விரல் மெட்டி தரையில் பட்டுச் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவர் வீட்டில் நடமாடியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் மறைத்து மறைத்து அவர் கோயிலுக்குள் கொண்டுபோன கையை, அந்தப் பயல் முருகனுக்கே கொடுத்திருக்கிறான். வீரபத்திரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படவும் நேரமில்லாமல் மேளம் கூப்பிட்டது.

பஜனைக் கோயில் வாசலில் கூட்டம் வழிவிட்டது. வெகுதூரத்தில், பஸ் விட்டிறங்கியவர்களோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு பங்காரு நிற்பது தெரிந்தது. காஞ்சனா சொல்லியனுப்பியிருக்க வேண்டும். அழித்துவிட்டாரா என்று பார்க்க வந்தவன் முகம் அது.

வீரபத்திரன் கற்பூரத் தட்டை வலது கையில் எடுத்துக்கொண்டார். எரியும் தட்டு ஒரு கையில் இருக்க, திரைக் கயிற்றை யாராவது இழுக்க வேண்டும். வேடியப்பன் ஓடிவந்தான். வேண்டாம் என்று தலையசைத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்து, ஊர் பார்க்க, கயிற்றைப் பிடித்து இழுத்தார். காஞ்சனா கோத்த வளையங்கள் ஒரே ஓட்டமாக ஓடின.

வேதாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் “அரோகரா” என்று தெருவே எழுந்தது. கற்பூர வெளிச்சத்தில் முருகன் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஞானம்மாள், செருப்பில்லாமல் மலையேறி இறங்கியே வெடித்துப்போன தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேதாசலத்தின் சம்சாரமும் போட்டுக்கொண்டாள். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாத வேதாசலம், கடைசியில் அவரும் அரோகரா என்றே சொல்லி மூடிக்கொண்டார். அவர் கடை வாசல் கோலத்தை ஒரு காவடியும் மிதிக்கவில்லை.

அந்த லுங்கித் திரை இப்போது வீரபத்திரன் வீட்டுப் பரணில், காலண்டர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமிக்கு முன்னால் தொங்கிய துணியை எறியலாமா என்று கேட்டு அவர்தான் ஏற்றிவைத்தார். பருப்பு டப்பாவுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. காஞ்சனா அதைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.