ஐந்து கட்டம்

வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்குமே, அதை உருவாக்குகிறவன் நான். "சும்மா கட்டம் போடுற வேலைதானே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். வந்து போட்டுப் பாருங்கள் ஐயா! மேலிருந்து கீழே வரும் சொல் இடமிருந்து வலமாக வருகிற நாலு சொல்லை வெட்டிப் போக வேண்டும். ஒரு எழுத்து உதைத்தாலும் மொத்தமும் குப்பைக்கூடைக்குத்தான்.

என் மனைவி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்குச் சோதனை செய்வதென்றால் கொள்ளை ஆசை. ஆனால் அதைச் சொல்லும் சொற்களைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். கருதுகோள், மாறி, தரவு, உற்றுநோக்கல். பரீட்சையில் இந்த இடம் வந்தால் பாதி வகுப்பு பேனாவை மூடி வைத்துவிடுமாம்.

"நீங்க ஊருக்கெல்லாம் கட்டம் போடுறீங்க. எனக்கு ஒண்ணு போட்டுத் தரக்கூடாதா?" என்றாள்.

போட்டுத் தந்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் குறுக்கெழுத்துப் பீரியட் ஆயிற்று. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நானே தாள்களை எடுத்துக்கொண்டு போவேன். பிள்ளைகள் எனக்கு 'கட்டம் சார்' என்று பெயர் வைத்தார்கள். வெளியே முறைத்தேன், உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு கடினமாகப் போட்டாலும் மணி அடிப்பதற்குள் எல்லாத் தாளும் நிரம்பி வந்துவிடும்.

தலைமையாசிரியைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கணக்கில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. வாரம் முழுக்க நோட்டில் எழுத வைத்தே பொழுது போய்விடுகிறது, பிள்ளைகள் வாய் திறக்கிற ஒரே பீரியட் அதுதான் என்பாள்.

"நீங்களே வந்து பாருங்க மேடம்" என்று அவளே அழைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். தாள்கள் நிரம்பின. தலைமையாசிரியை ஒன்றை வாங்கிப் பார்த்தார். ஒரு தப்பு இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அவர் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர்.

"கருதுகோள்னா என்னம்மா?"

"அஞ்சு கட்டம், மேடம்!"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. வகுப்பு மொத்தமும், ஆமாம், சரிதானே என்று தலையாட்டியது.

"சரி, மாறி?"

"ரெண்டு கட்டம்!" இந்த முறை ஆறேழு குரல்.

என் மானம் கப்பலேறியது. என் மனைவி சாக்பீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியை கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, பரிவாகப் பேசினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரேன் டீச்சர். இதே மாதிரி இருந்தா அதுக்கப்புறம் அந்தப் பீரியட் கணக்குக்குப் போயிடும்."

பேருந்தில் நான் பொரிந்து தள்ளினேன். பிள்ளைகளா அதுகள், குரங்குகள், இவ்வளவு அழகான கட்டத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டா இருந்தன என்று. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் போட்டாள்.

"மேடம் போனதும் ஒண்ணு செஞ்சு பாத்தேன். நீங்க வராண்டாவுல கத்திக்கிட்டு இருந்தீங்களே, அப்போ. அடுத்த வாரத்துக்குன்னு நீங்க போட்டு வெச்ச தாள்ல குறிப்பு எல்லாத்தையும் கிழிச்சுட்டு வெறும் கட்டத்த மட்டும் கொடுத்தேன்."

புரட்டினேன். குறிப்பே இல்லாமல் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. ஐந்து கட்டம் இருந்த இடத்தில் எல்லாம் கருதுகோள். ஏழு கட்டத்தில் உற்றுநோக்கல். மூன்று கட்டம் என்றால் சோதனையா தரவா என்று குறுக்கே வெட்டும் எழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. எதைப் பெரிய சாமர்த்தியம் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தேனோ, அந்த வெட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

"கட்டம் நிரம்புது. மண்டை நிரம்பல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் கண் கலங்கியிருந்தது. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். குடித்தாள்.

"நீங்க குறிப்பு எழுதும்போது மட்டும் ஏன் அவ்ளோ நேரம் ஆகுது?" என்று திடீரென்று கேட்டாள். "கட்டம் சீக்கிரம் முடிஞ்சிடுது."

"கட்டம் கையே போட்டுடும். குறிப்பு எழுதணும்னா அந்த வார்த்தை என்னன்னு எனக்குத் தெரியணுமே. ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கணும்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறிதட்டியது.

திங்கட்கிழமை அவள் பிள்ளைகளிடம் நிரப்பிய கட்டத்தைக் கொடுத்தாள். சொற்கள் எல்லாம் இருந்தன, குறிப்புதான் இல்லை. "குறிப்பை நீங்க எழுதுங்க. புத்தகத்துல இருக்கிற வரி வேண்டாம். நீங்க பாத்தது, செஞ்சது, நினைச்சது மட்டும்தான்." முதல் இரண்டு நாள் ஒரே அழுகை, ஒரே அடித்தல் திருத்தல் என்றாள். ஒருவன் 'அறிவியலில் பயன்படுவது' என்று பத்துச் சொல்லுக்கும் ஒரே குறிப்பு எழுதியிருக்கிறான். அவனுக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்ததாம். வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் எதையும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நான் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். வெட்டும் எழுத்துகளை முடிந்தவரை குறைத்தேன். பத்திரிகையில் வந்திருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள், அவ்வளவு அசிங்கமான கட்டம். குறிப்பெல்லாம் பிள்ளைகளுடையது.

தலைமையாசிரியை வந்து உட்கார்ந்ததும் பட்டாசு ஒரு தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு நீங்க போடணும் மேடம்."

அவர் என் மனைவியைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'செடிக்கு ஊத்துற தண்ணிய மட்டும் கூட்டிக் குறைச்சேன். வெயில், மண்ணு எதையும் தொடல. தண்ணி இங்க என்ன?' மாறி." எழுதினார். "'எறும்பு சர்க்கரையைக் கண்டுக்காம போச்சு. தொடாம, துரத்தாம, பாத்துக்கிட்டே இருந்தேன்.' உற்றுநோக்கல்." அவருக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"'அப்பா ராத்திரி எத்தனை தடவை குறட்டை விட்டாருன்னு அம்மா எழுதி வெச்சது.' மூணு கட்டம். முடிவு."

வகுப்பே கத்தியது. "இல்ல மேடம்!"

"ஏன்? மூணு கட்டம்தானே?"

"கட்டத்த எண்ணாதீங்க மேடம், படிச்சுப் பாருங்க!" என்றாள் பட்டாசு. போன வாரம் அஞ்சு கட்டம் என்று கத்திய அதே பட்டாசு! "அவங்கம்மா எழுதி மட்டும்தான் வெச்சிருக்காங்க. அதுல இருந்து இன்னும் எதுவும் சொல்லல. முடிவு எப்படி வரும்?"

தலைமையாசிரியை பென்சிலால் அடித்துவிட்டு 'தரவு' என்று எழுதினார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குறிப்பு பட்டாசு எழுதியது. அவர் படித்தார்.

"'கட்டம் சார் வர்ற அன்னிக்கு டீச்சர் எங்களைத் திட்ட மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன். ஆனா அதுக்கு சார் காரணமா, வெள்ளிக்கிழமை காரணமான்னு தெரியல. இன்னும் சோதிக்கல.'"

என் மனைவியின் முகம் சிவந்துபோயிற்று. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன். தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

"கருதுகோள்" என்றார். கட்டத்தை அவர் எண்ணவே இல்லை. "சரி, இதை எப்படிச் சோதிப்பே?"

"சார் வராத வெள்ளிக்கிழமையும் பாக்கணும். வெள்ளிக்கிழமை இல்லாத நாள்ல சாரும் வரணும். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும், மேடம்."

அவர் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமைப் பீரியட் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். கணக்குக்கு வேற இடம் பாத்துக்கலாம்." வாசல்வரை போய்த் திரும்பினார். "சார், செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன். செவ்வாய்க்கிழமைதான் பத்திரிகைக்குக் கட்டம் கொடுக்க வேண்டிய நாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது மனசு நிறைந்திருந்தது. அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"ஏம்மா, நான் வந்தா நீ திட்ட மாட்டியாமே? அப்படியா?"

"எனக்கு என்ன தெரியும்? இன்னும் சோதிக்கலையே" என்றாள்.

வீடு வந்து சேரும்வரை அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அன்று வெள்ளிக்கிழமை என்பதால் நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.