சோபாவில் ஒரு சாவு

என் கணவர் முருகானந்தம் நிஜமாகவே இறந்துபோவதற்குச் சில வருஷங்கள் முன்பு, வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த பெஹாலா வீட்டு சோபாவில் ஒருமுறை செத்தார். வேலை துறைமுக அலுவலகத்தில், ஆசையெல்லாம் சினிமாவில். இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்த வாரம், அவர் தம்பி கோபு இரவல் வாங்கி வந்த கேமராவில் ஒரு படம் எடுத்தே தீருவேன் என்று நின்றார்.

"ஆபரேஷன்ல போயிட்டேன்னா படம் பாதியில நின்னுரும்டி."

"வாயக் கழுவுங்க," என்றேன்.

கதையும் அவருடையதுதான். மகளைப் பெண் பார்க்க வருகிற நாளில் காலையிலேயே அப்பா செத்துப்போகிறார். நல்ல சம்பந்தம், விட மனமில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டி சோபாவில் சாய்த்து வைக்கிறார்கள். வந்தவர்கள் பஜ்ஜி தின்று, "பொண்ணோட அப்பா ரொம்ப அடக்கம்" என்று மெச்சி, தட்டு மாற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் படி இறங்கிய பிறகுதான் குடும்பம் அழ ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர் வழக்கப்படி சாவுச் சங்கு ஊதுகிறது.

அந்தக் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. ஒவ்வொரு தடவையும் பிணத்தின் வயிறு சிரிப்பில் குலுங்கியது.

"ஒழுங்கா சாவுங்கண்ணே. கேமராவ இன்னைக்கே திருப்பிக் குடுக்கணும்," என்றான் கோபு.

"உங்க மதினி அழுறதப் பாருடா. பால் பொங்கி வழிஞ்சாகூட இதவிட நல்லா அழுவா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மகள் மஹிமா, காளிகாட்டில் வாங்கிய சங்கை எடுத்துத் தெருவுக்கே கேட்கும்படி ஊதினாள். நான் மாரில் அடித்துக்கொண்டு கதறினேன். இந்த முறை அவர் அசையவே இல்லை.

கதவு திறந்தது. அடுத்த வீட்டு மிதாலி பௌதி, அதாவது மிதாலி அண்ணி, பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், கையில் பால் இனிப்பான சந்தேஷ் அடுக்கிய தட்டு. உள்ளே வரும்போதே மூவரும் குலவை போட்டார்கள். வங்காளிகளுக்குச் சங்கு என்றால் மங்களம். எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம்.

"அழாதீங்க தீதி," என்று பௌதி வங்காள மொழியில் அக்கா, அண்ணன் என்று முறை சொல்லி என்னைத் தேற்றினாள். "பொண்ணக் குடுக்குற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். தாதாவப் பாருங்க, கவலையில அப்படியே உறைஞ்சுபோய் உக்காந்திருக்கார்."

சொல்லிவிட்டுப் பிணத்தின் வாயில் ஒரு சந்தேஷைத் திணித்தாள்.

பிணம் மென்றது.

"மாப்பிள்ளை யாரு தாதா?"

"இன்னும் பாக்கல பௌதி," என்றது பிணம், வாய் நிறைய. "நீங்களே ஒருத்தனப் பாருங்க."

கோபு தலையில் கைவைத்தான். "போச்சு. டேப்பும் முடிஞ்சிருச்சு. சாவு சீனே இல்ல."

"அட போடா. இதுதாண்டா முடிவு," என்று இவர் அடுத்த சந்தேஷை எடுத்தார்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"படம் முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு. நீங்க போயிட்டு வாங்க."

"பௌதிக்குக் காசெட் குடுத்தியா? நம்ம படத்துல அவங்கதான் நல்லா நடிச்சது."

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள்.