அசையாத பூ ஈ

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. எதிர்வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் கேமராவில் எடுத்த ஓர் ஈயின் படம் ஒரு காட்டுப்பூக் கையேட்டின் அட்டைக்குத் தேர்வாகியிருந்தது. கீழே போட ஒரு வரி கேட்டாள். ‘தன்னை மறந்து தேன் குடிக்கும் பூ ஈ’ என்று எழுதிக் கொடுத்தேன்.

(பூ ஈ தேனீயைப் போல வரி போட்டிருக்கும், அந்தரத்தில் நிற்கும், கொட்டத் தெரியாது. வேடம் பெரிசு, வீரம் சிறிசு.)

2

முதலில் ‘காலை வெயிலில் புல்வெளி பொன்னாக’ என்று தொடங்கினேன். வேண்டாம். அது ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குப் பின்னால் மண்டிய களை.

நாள் முழுக்க மனிதர்களை அசையாதே என்று மிரட்டுகிறவள், சாப்பாட்டு இடைவேளையில் அங்கே மண்டியிட்டுத் தன் மூச்சை அடக்குவாள். ஈக்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. பதினோரு வருஷமாக மங்கல் படங்கள்தான். தெளிவாக விழுந்தது இது ஒன்று. வார்டு வார்டாகக் காட்டிச் சந்தோஷப்பட்டாள்.

3

நேற்று, சிறகில் தூசி இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கினாள். இதழோடு இதழாக ஒரு வெள்ளைக் கால். பூவின் நிறத்திலேயே ஒளிந்திருந்த சிலந்தி, ஈயின் கழுத்தைக் கவ்வியிருந்தது. ஈ செத்திருந்தது.

(இங்கே அவளை அழவைத்து எழுதி, பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் அவள் சிலந்திக்கு எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.)

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கிப் படமெடுப்பவர்கள் உண்டு. அதனால் கையேட்டுக்காரர்கள் உயிரோடு திரிவதை மட்டுமே ஏற்பார்கள். சொன்னால் அட்டை போய்விடும். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள், இது ஒரு கால்தானே என்றாராம் அவள் வீட்டுக்காரர்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள், அட்டை போகிறது. முடிவு இரண்டு: மறைக்கிறாள், பிறகு ஒவ்வொரு பிரதியையும் பார்க்கும்போது... வேண்டாம். முடிவு மூன்று: சிலந்திக்கே அட்டையில் இடம். சினிமாத்தனம். எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது அவளே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை அச்சு.

“பதினோரு வருஷத்துல எனக்காக நின்ன ஒரே ஈ இதுதான்க்கா,” என்றாள். “அதுவும் எனக்காக நிக்கல.”

பழைய வரியை அடித்தேன். புதிதாக எது எழுதினாலும் அப்படியே அனுப்பிவிடுவதாகச் சொல்கிறாள். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இந்தப் படத்தில் இருக்கும் ஈ’

பேனா உங்களிடம். அவள் காத்திருக்கிறாள்.