ஸ்தமேனாவுக்கு ஒதுக்கிய இரண்டு பக்கம்

எங்கள் ஊர் ருட்னிட்சாவில் உயிரோடிருப்பவர்களை மதிக்கும் வழக்கம் கிடையாது. செத்தால் மதிப்போம். அதுவும் செத்து நாலைந்து வருஷமாகி, அவர்களோடு சண்டை போட்டவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு. ஸ்தமேனா விஷயத்தில் இந்த ஒழுங்கு கெட்டுப்போனதற்கு ஒரே காரணம், எழுபத்தொன்பது வயதாகியும் அவள் சாகாமல் இருந்ததுதான்.

மாவட்ட அலுவலகம் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சமுதாயத்தை மாற்றியவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுவதாக அறிவித்தது. ஊருக்கு ஒருவர். பக்கத்து ஊர்க்காரர்களிடம் துருக்கியரை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய புரட்சிக்காரர்கள் ஏராளம். நாங்கள் தேடித் தேடிப் பார்த்தோம். எங்கள் முன்னோர்கள் யாரும் எதையும் எதிர்த்ததாகத் தகவல் இல்லை. மிஞ்சியது ஸ்தமேனா.

நகரத் தலைவர் ரதொஸ்தின் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் முப்பத்தாறு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊரில் வாழ்த்துரை, இரங்கலுரை, கல்வெட்டு வாசகம் எதுவானாலும் என் கைதான்.

"ரெண்டு பக்கம் போதும் வாத்தியாரே. படிக்கிற பிள்ளைக்கு உத்வேகம் வரணும். யார் எதிர்த்தாங்க, யார் திட்டினாங்கன்னு இழுக்க வேணாம். 'பல கஷ்டங்களுக்கு நடுவிலும்'னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

அந்தக் கஷ்டங்கள் யாரென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய அப்பா ஒரு கஷ்டம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவன் இன்னொரு கஷ்டம்.

ஸ்தமேனா ஈய ஆலையின் பாலர் பள்ளியில் தாதியாக இருந்தாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள், வெளுத்துப் போனார்கள், நேற்றுச் சொன்ன பாட்டை இன்று மறந்தார்கள். ஆலை மருத்துவர் எல்லோருக்கும் ஒரே வியாதி கண்டுபிடித்தார்: பூச்சி. மூன்று வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார். அத்தனை மருந்துக்கும் சாகாத பூச்சி உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. யாரும் வாய் திறக்கவில்லை. ஊருக்கு மேலே ஆலையின் புகைபோக்கி நின்றது. அதிலிருந்து வருவதைத்தான் நாங்கள் சோறு என்று நம்பியிருந்தோம்.

ஸ்தமேனா நம்பவில்லை. நாற்பது பிள்ளைகளின் ரத்தத்தைத் தானே குப்பிகளில் எடுத்து, வெள்ளரிக்காய் ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிகளில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் மடியிலேயே சுமந்து தலைநகர் சோஃபியாவுக்குக் கொண்டுபோனாள். அங்கே பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். நாற்பது பேர் ரத்தத்திலும் ஈயம். இது தொண்ணூற்றிரண்டாம் வருஷம் நடந்தது. அவள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் சொன்னாள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புங்கள், பழைய உலையை மூடச் சொல்லுங்கள் என்றாள்.

ஊர் ஒரு மனு கொடுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஆலைக்கு எதிராக அல்ல, ஸ்தமேனாவுக்கு எதிராக. அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவள் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். கடையில் அவளுக்கு ரொட்டியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் தள்ளிவிட்டார்கள். அவள் கல்லறைத் தோட்டம் கூட்டிப் பிழைத்தாள். மாதம் ஒருமுறை சோஃபியாவுக்குப் போய், அமைச்சக வாசலில் நாற்பது பெயர் எழுதிய அட்டையோடு நின்றாள். இப்படி ஐந்து வருஷம். கடைசியில் ஒரு குழு வந்து சோதித்தது. அதே எண்கள் வந்தன. பழைய உலையை மூடினார்கள். உலோக ஆலை உள்ள ஒவ்வொரு ஊரிலும் வருஷா வருஷம் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. யாரும் வேலை இழக்கவில்லை. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க நான் போனது செப்டம்பர் மாதம். குளிர்காலத்துக்கு விழுது போட்டு வைக்க ஊரே மிளகாய் சுடும் வாசனை. ஸ்தமேனாவும் முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து, சிவப்புக் குடைமிளகாய்களைத் தகரத் தட்டில் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிராமல் கேட்டாள்.

"யாரு எழுதறது?"

"நான்தான் அக்கா."

"வேற ஆள் கிடைக்கலையா அவங்களுக்கு? என்னைப் பத்தி நீ ஏற்கெனவே ஒரு தடவை எழுதிட்டியே."

உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். வேலைநீக்க உத்தரவோடு சேர்த்து அவளுக்குக் கொடுத்த மனுவின் நகல். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எழுதியவன் ஒருவன். 'தாய்மார்களை வீண் பீதிக்கு ஆளாக்கி, உழைக்கும் மக்களின் அமைதியைக் குலைக்கும் இப்பெண்மணி' என்று தொடங்கும் என் வாக்கியம் அப்படியே இருந்தது. வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று அப்போதுகூட எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, அப்ப நாங்க குடியிருந்தது ஆலை வீடு. என் பொண்டாட்டிக்கு ஆலை உணவகத்துல வேலை. ஆலை டைரக்டர் கூப்பிட்டு எழுதுன்னார்."

"அதெல்லாம் தெரியும். பயந்தவனை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஊரே பயந்தாங்கொள்ளி." அவள் ஒரு மிளகாயின் கருகிய தோலை உரித்தாள். "ஆனா நீ மத்தவங்க மாதிரி இல்ல, லியூபென். மத்தவங்க நான் சொன்னதை நம்பல. நீ நம்பின."

நான் மனுவை மடித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் உன் வீட்டுக்கு வந்து சொன்னது திங்கக்கிழமை. உன் பொண்ணு பிலியானாவுக்கு அப்ப நாலு வயசு. வியாழக்கிழமை அவளை உன் மாமனார் ஊருக்கு பஸ் ஏத்தின. நான் நிறுத்தத்துல நின்னு பார்த்தேன். சந்தோஷப்பட்டேன், ஒரு ஆளாவது கேட்டானேன்னு. வெள்ளிக்கிழமை மனு எழுதிக் கொடுத்துட்ட."

"அக்கா..."

"கடிதத்தைக் கொடு. கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த மனுவையும் புத்தகத்துல போடு. என்னைப் பத்திப் படிச்சு எந்தப் பிள்ளைக்கும் உத்வேகம் வர வேணாம். உங்களைப் பத்திப் படிச்சு அருவருப்பு வந்தா போதும்."

நான் இரண்டு பக்கம் எழுதி, மூன்றாம் பக்கமாக மனுவையும் சேர்த்துக் கொடுத்தேன். ரதொஸ்தின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சிரித்தார். "எங்கப்பா பேரு ரெண்டாவதா இருக்கு வாத்தியாரே. அவரு படுத்த படுக்கையா கிடக்காரு. உங்களுக்கு வேற வேலை இல்லையா?" புத்தகம் அவர் சொன்னபடியே அச்சாகி வந்தது. ஸ்தமேனா பல கஷ்டங்களுக்கு நடுவிலும் மனந்தளராமல் போராடியிருந்தாள்.

வாசகசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஸ்தமேனா வரவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். அவளுக்காகக் கைதட்டினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ரொட்டியைத் தள்ளிவிட்ட கடைக்காரி ஸ்வெத்லா, "அவங்க எப்பவுமே எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி" என்று தொலைக்காட்சிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் முறை வந்ததும் எழுதி வைத்த உரையை மடித்துவிட்டு, ஸ்தமேனா கொடுத்த நகலை எடுத்து மனுவைப் படித்தேன். பிறகு பெயர்களை.

இருபதாவது பெயரில் ஒலிபெருக்கியை அணைத்தார்கள். நான் வாத்தியார், எனக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஸ்வெத்லாவின் பெயர் முப்பத்தேழாவது. "அந்தக் காலத்துல எல்லாருந்தான் போட்டோம்" என்று எழுந்து போனாள். அவளோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர். கடைசிப் பெயர் வரைக்கும் படித்து, இதை எழுதியது நான்தான் என்றும் சொல்லி இறங்கினேன். காலி நாற்காலிகளைப் பார்த்து எனக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது.

மறுநாள் ஸ்தமேனா வீட்டுக்குப் போனேன். பாராட்டுவாள் என்றா போனேன்? ஆமாம், அதற்குத்தான் போனேன்.

"படிச்சியாமே" என்றாள்.

"எல்லாத்தையும் படிச்சேன் அக்கா. நான் எழுதினதையும் ஒத்துக்கிட்டேன்."

"பிலியானாவை பஸ் ஏத்தினதை?"

அதை நான் சொல்லவில்லை. கோழை என்று ஊர் நினைத்தால் பரவாயில்லை, கோழைகளின் ஊர்தானே. மற்றது வேறு.

"அதை விட்டுட்டியா" என்றாள். திட்டவில்லை. மிளகாய் விழுது நிரப்பிய புட்டிகளை அடுக்கப் போய்விட்டாள். நான் கிளம்பினேன்.

அன்று மதியமே பிளோவ்திவ் நகரத்தில் இருக்கும் என் மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன், திங்கள் முதல் வெள்ளி வரை நடந்த எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"என்கூட படிச்ச மத்த பிள்ளைங்க?" என்றாள் கடைசியில். "பக்கத்து வீட்டு ஒக்னியான்? அவங்கம்மாகிட்ட நீ சொல்லலையாப்பா?"

"சொல்லல."

ஒக்னியான் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறியவன். இப்போது பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்குகிறான். அவனை இரண்டு முறை நான்தான் வரலாற்றில் ஃபெயிலாக்கினேன், மண்டையில் களிமண் என்று வகுப்பு சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதையும் மகளிடம் சொன்னேன்.

அவள் போனை வைக்கவில்லை.