இன்னொரு கை சோளம்

நூற்றைம்பது கோழிக்கு எழுபது முட்டை. இந்த லட்சணத்துக்கா நான் விடியுமுன் எழுந்து இடுப்பு ஒடியத் தீனி கலக்கிறேன்? ஓடு கெட்டிப்படத் தீனியில் கிளிஞ்சல் தூளைக் கூட்டிப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியை மாற்றினேன், பாம்பு கீம்பு நுழைகிறதா என்று கொட்டகையைச் சுற்றி வந்தேன். எண்ணிக்கை ஏறவேயில்லை.

"முட்டை போடாத கோழிய வச்சுக் கொஞ்சவா போற? திங்கக்கிழமை வண்டி அனுப்புறேன், மொத்தமா ஏத்திடு" என்றார் கறிக்கடைக்காரர். அலுப்பில் சரியென்று தலையாட்டிவிட்டேன். கோழிகளை விட்டால் எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு ஒரு வருடமாக வீட்டோடு இருக்கிறார்.

ஞாயிறு காலை சமைக்க ஒரு கோழியை அறுத்தேன். வயிற்றுக்குள் விரல் புதைகிற அளவு மஞ்சள் கொழுப்பு. அடக் கடவுளே, நான் அளந்து போடும் தீனிக்கு இப்படிக் கொழுக்க வழியே இல்லையே! யாரோ எனக்குத் தெரியாமல் தீனி போடுகிறார்கள்.

அன்று மதியம் தீனி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். கையில் ஒரு சட்டி மக்காச்சோளத்தோடு வந்தவர் என் வீட்டுக்காரர். கதவைத் திறந்ததும் கோழிகள் விழுந்தடித்து ஓடிவந்து அவர் காலைச் சுற்றின. "அடியே கறுப்பி, தள்ளுடி. உனக்கு ரெண்டு தரம் ஆச்சு" என்று சோளத்தை வீசிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "கொஞ்சம் சோளந்தானே..."

"கொஞ்சமா? கொழுத்துப்போய்க் கெடக்குதுங்க. கொழுத்த கோழி எங்க முட்ட போடும்? நாளைக்கு வண்டி வருது, தெரியும்ல?"

அவர் முகம் செத்துப்போனது. "நல்லாத் தின்னா நல்லாப் போடும்னு நெனச்சேன். நீ முட்ட கொறையுதுன்னு பொலம்பப் பொலம்ப, இன்னொரு கை சேத்துப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா என்ன சொல்லுவ? 'நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கிறேன்.' ஒரு வருஷமா அதத்தானே சொல்ற. வீட்டுல எனக்குன்னு என்ன வேல இருக்கு, சொல்லு?"

அவரைத் தாங்குவதாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வண்டி வேணாம்ணே. கொழுப்பு எறங்கட்டும், ஒரு மாசம் பாக்குறேன்." என்னமோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். கொழுப்பு இறங்குமா, முட்டை ஏறுமா, எனக்கே நிச்சயமில்லை.

மறுநாள் விடியலில் தீனியைக் கலந்து, ஒரு குவளையில் தலைதட்டி அளந்து அவர் கையில் கொடுத்தேன்.

"பத்துக் கோழிக்கு ஒரு குவளை. சோளம் தனியா கெடையாது. இனிமே காலைத் தீனி உங்க பொறுப்பு."

"அப்ப நீ?"

"நான் படுக்கப் போறேன். என்னால முடியலைங்க."

குவளையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "இத எப்பவோ சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. உள்ளே போய்ப் படுத்தேன். கொட்டகையில் கோழிகள் கத்தும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.